மேட்டுக்கு ஏறிய முளைக்குச்சி

டங்! டங்! டங்!

தண்டவாளத் துண்டின் ஓசை, ஜோகூர் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தையே உலுக்கியது. விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்புவதற்காக அடிக்கும் மணி அது. பட்டப்பகலில் ஒலித்தால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

தம்பி காசிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தீப் புடிச்சிருச்சா?" என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள்.

"புலி வந்திருச்சுடி!" என்று எதிர் வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

பேச்சிக்கு வேறொரு பயம். அப்பா வீரமுத்து காலையிலிருந்து கிணற்றுக் குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தார். மண் சரிந்திருந்தால்?

காசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். தம்பிக்கு நாலு வயது. ஆனாலும் கனமே இல்லை. வயிற்றுப்போக்கு அவனைப் பாதியாக்கிவிட்டது.

புது லயம் கட்டப்போகும் சரிவில் கூட்டம் கூடியிருந்தது. நடுவில், தலை முதல் கால் வரை சேறாக ஓர் உருவம் நின்றது. பற்கள் மட்டும்தான் வெள்ளை.

"தண்ணி!" என்றது அந்த உருவம். "ஊத்துத் தண்ணி பேச்சி!"

அப்பாதான்! பேச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"சந்தோஷத்துக்குமா மணி அடிப்பீங்க?" என்று காளியம்மா சண்டைக்கு வந்தாள். "அலமாக்! பயத்துல என் உசுரே போச்சு லா!"

"போன உசுரு இவ்வளவு சத்தமாப் பேசுமா?" என்றார் அய்யாவு கங்காணி. அந்தத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குபவர் அவர்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

பேச்சியும் சிரித்தாள். பிறகு சரிவை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி மேட்டில் நின்றது. கிணற்றுக்கு நேர் மேலே.

போன வாரம் அது அங்கே இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரியும். நிலம் அளக்கும் சதாசிவம் ஐயா வந்தபோது, முளைக்குச்சிக் கட்டைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தவள் அவள்தான். வெள்ளைத் துணி கட்டிய முளையைச் சரிவின் நடுவில் அடித்தார். அது கிணறு. சிவப்பைக் கீழே, தூரத்தில், காட்டோரமாக அடித்தார். அது கக்கூஸ்.

"அவ்வளவு தூரம் நடக்கணுமாங்க?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"நடந்தா கால்தான் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த முளையைக் கேட்டார்.

அப்போது அது புரியவில்லை. இப்போது அதே முளை மேட்டில் நிற்பதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மேட்டில் மாடு கழுவினால் கீழ் வீட்டு வாசலில் அல்லவா சாணித் தண்ணீர் வந்து நிற்கும்!

"கங்காணி ஐயா, அந்தச் சிவப்புக் குச்சி கீழதானே இருந்துச்சு?"

கங்காணியின் மீசை ஒரு முறை துடித்தது. "நான்தான் மாத்தினேன். கீழ யாரு இருக்கா தெரியுமில்ல?"

தெரியும். காட்டோரத்தில், சந்தனமும் குங்குமமும் பூசிய கல்லாக முனியாண்டி இருந்தார். கப்பலில் வந்து இறங்கி முதன்முதலில் காடு வெட்டியவர்கள் வைத்த கல்.

"சாமி பக்கத்துல கக்கூஸா? துரைக்கும் தெரியாது, அளக்க வந்தவருக்கும் தெரியாது. நமக்குமா தெரியாது?"

"அதானே!" என்றார்கள் எல்லாரும். "இங்கன்னா மழையில ரொம்ப தூரம் நடக்கவும் வேண்டாம்" என்றாள் காளியம்மா.

"நாளைக்குக் காலையில கொத்தனாருங்க வந்து குழி வெட்டுவாங்க. இன்னைக்குச் சாயந்தரம் கிணத்துக்குப் பூசை" என்றார் கங்காணி. "எல்லாரும் குளிச்சிட்டு வாங்க. வீரமுத்து, நீ ரெண்டு தடவ குளிச்சிட்டு வா."

*

வீட்டில் அம்மா பூசைக்காக மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேட்டுல கக்கூஸ் வந்தா கிணத்துத் தண்ணி கெட்டுப்போகாதா?"

"பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீ போய் வாய் குடுக்காத."

"டிரசர் என்ன சொன்னாரு, மறந்துட்டீங்களா?"

அம்மாவின் உலக்கை நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து காசியை அழைத்து வரும்போது, அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் சொன்னதை மறக்க முடியுமா? ஆற்றுத் தண்ணீரால் வந்த நோய் இது. இன்னொரு தடவை வந்தால் இந்த உடம்பு தாங்காது.

"அதுக்குத்தானே கிணறு வெட்டியாச்சு" என்றாள் அம்மா மெதுவாக. அந்தக் குரலில் உறுதி இல்லை. உலக்கை மீண்டும் இடித்தது. "இந்தா, இந்த மஞ்சளை எடுத்துட்டுப் போயி பூசைத் தட்டுல வையி. சிந்தாம போ."

பேச்சி மஞ்சள் பொட்டலத்துடன் சரிவுக்கு நடந்தாள். என்ன சொன்னாலும் கேட்கமாட்டார்கள். கங்காணி கெட்டவரில்லை. சாமிக்குப் பயந்துதான் செய்தார். சாமிக்குப் பயப்படுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

வானத்தைப் பார்த்தாள். ஒரு மழை வந்தால் போதும். மேட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று எல்லாருமே பார்த்துவிடுவார்கள். ஜோகூரில் மாலை மழைக்கு யாரும் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கென்று பார்த்துக் கருமேகம் குளுவாங் ஊர்ப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நில்லேன்!" என்றாள் பேச்சி மேகத்திடம். அது நிற்கவில்லை.

கிணற்றருகே இரண்டு பீப்பாய்கள் நிறையக் கலங்கல் தண்ணீர் இருந்தது. குழியிலிருந்து இறைத்துக் கொட்டியது. பேச்சி அதைப் பார்த்தாள். கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். அம்மாவின் உலக்கையையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு மேட்டில் ஏறி, சிவப்பு முளையைச் சுற்றி மஞ்சள் முழுவதையும் கொட்டினாள்.

"என்னடி, குச்சிக்குக் கல்யாணமா?"

தோழி செல்வராணி நாலைந்து பிள்ளைகளோடு பின்னால் நின்றாள்.

"சிரிக்காத. வாளி எடு. எல்லாரும் வர்றதுக்குள்ள ஊத்தணும்."

"எதுக்கு?"

"காசிக்கு மறுபடியும் வயித்தால போகக் கூடாது. அதுக்கு."

செல்வராணி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டாள். வாளி, தகரம், கொட்டாங்கச்சி என்று கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் மேட்டுக்கும் பீப்பாய்க்குமாக ஓடினார்கள்.

முதல் வாளியை மண் அப்படியே குடித்துவிட்டது. இரண்டாவதையும் குடித்தது. ஒரு பீப்பாய் காலியானது. மஞ்சள் சேறு முளையைச் சுற்றித் தேங்கி நின்றதே தவிர, ஓர் அடிகூட நகரவில்லை.

"போகல பேச்சி" என்றாள் செல்வராணி.

பேச்சி குனிந்து சேற்றைப் பார்த்தாள். ஒருவேளை நான் நினைத்தது தப்போ? அம்மாவின் மஞ்சளும் போயிற்றே!

கீழே உறுமி மேளம் கேட்டது. பூசைக்கு வந்துவிட்டார்கள்!

"ஊத்து! நிறுத்தாத, ஊத்து!"

கூட்டம் கிணற்றைச் சூழ்ந்தது. வீரமுத்து குளித்து, திருநீறு பூசி, செம்பில் முதல் தண்ணீரைச் சேந்தினார். "முதல் வாய் என் மவனுக்கு" என்று அம்மாவின் இடுப்பிலிருந்த காசியின் பக்கம் திரும்பினார்.

"மேட்டுல என்ன கூத்து நடக்குது?" என்று கங்காணி சீறினார். "பேச்சி! கீழ எறங்கு!"

அந்த நேரத்தில்தான் அது கிளம்பியது. மஞ்சளாக ஒரு நாக்கு. புல் வேரைச் சுற்றி, கல்லைத் தாண்டி, தயங்கி, மறுபடி வழுக்கியது. கடைசி வாளியைப் பேச்சி ஊற்றியதும் வேகமெடுத்தது. கூட்டம் விலகி வழி விட்டது. கட்டுச்சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பைத் தொட்டு, மஞ்சள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழுந்தது.

செம்பு வீரமுத்துவின் கையில் அப்படியே நின்றது.

"மஞ்சள்தானே" என்றார் கங்காணி, சற்றுத் தடுமாறி. "நல்லதுதானே."

"இன்னைக்கு மஞ்சள்" என்றாள் பேச்சி மூச்சிரைக்க. "கக்கூஸ் வந்தப்புறம், மழை பேஞ்சா, என்னங்க ஐயா வரும்?"

உறுமி அடித்தவர் கை ஓய்ந்தது. காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வீரமுத்து செம்புத் தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

கங்காணி மஞ்சள் கோட்டைக் காலடியிலிருந்து மேடு வரை பார்த்தார். பிறகு காசியைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"சரி புள்ள. மேல வேண்டாம்" என்றார். "கீழ சாமி இருக்காரே! அவரை என்ன பண்றது?"

பேச்சி முளைக்குச்சியைப் பார்த்தாள். காட்டோரத்துக் கல்லைப் பார்த்தாள்.

"குச்சியும் சாமியும் இடம் மாத்திக்கலாமே?"

"என்னது?"

"முனியாண்டி மேல வந்துரட்டும். கிணத்துக்குக் காவலா. அவரு அங்க இருந்தா யாராச்சும் மேட்டுல அசிங்கம் பண்ணுவாங்களா? மாடுகூடக் கட்டமாட்டாங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றது ஒரு குரல். "சாமியை அசைச்சா சும்மா விடுவாரா?" என்றது இன்னொன்று. "காய்ச்சல் வரும்." "ரத்தம் கக்குவோம்." பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது.

கங்காணி கையை உயர்த்தினார். "சாமியையே கேட்டுருவோம். பூப் போட்டுப் பார்ப்போம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். பூப் போட்டுப் பார்த்தால் அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்புப் பூ வந்தால் கிடையாது.

கங்காணி காட்டோரம் போய், கல்லுக்குப் பின்னால் குனிந்து, வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலங்கள் மடித்தார். கற்பூரம் ஏற்றி, அவற்றைக் கல்லின் முன்னால் போட்டார்.

"காசியைக் கூட்டிட்டு வா. சின்னப் புள்ள எடுக்கட்டும்."

காசி அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்து வந்தான். முதலில் இடப்பக்கம் கை நீட்டினான். பிறகு வலப்பக்கம். பிறகு மூக்கைச் சொறிந்தான். பேச்சி பொட்டலங்களையே பார்த்தாள். சிவப்பு வந்தால்? மஞ்சள் வழிந்ததை எல்லாரும் பார்த்தும் பயன் இல்லாமல் போய்விடுமே!

காசி ஒன்றை எடுத்தான். கங்காணி பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை!

உறுமி முழங்கியது. "முனியாண்டிக்கு மேட்டு வீடுதான் புடிச்சிருக்கு!" என்று கத்திவிட்டுக் காளியம்மா குலவையிட்டாள். நாலு பேர் கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். வீரமுத்து சிவப்பு முளையைப் பிடுங்கி வந்து, பழைய குழியிலேயே ஓங்கி அடித்தார். அம்மா பேச்சியின் காதைப் பிடித்து, "அவ்வளவு மஞ்சளும் போச்சு" என்று திருகினாள். திருகியபடியே அணைத்துக்கொண்டாள்.

கூட்டம் மேடேறிய பிறகு, பேச்சி குனிந்து மற்றப் பொட்டலத்தை எடுத்தாள். சிவப்புப் பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வாழையிலையைப் பிரித்தாள்.

உள்ளே வெள்ளை நந்தியாவட்டை இருந்தது.

ஒரு பெரிய கை வந்து இலையை மெல்ல மூடியது. மீசைக்குள்ளிருந்து குரல் கிசுகிசுத்தது.

"சாமிகிட்ட அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டேன் புள்ள. நீ யாருகிட்டயும் சொல்லிடாத."