பழகாத பதில்

மேகலாவின் காதுக்குப் பின்னால் பதிவுவில்லை பச்சையாக மின்னத் தொடங்கியதும், கணவன் தரணி தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு தேர்வாளராக மாறினான். இருபத்து மூன்றாம் நாள் காலைப் பயிற்சி. அடுப்பில் உப்புமாவுக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது.

சரவணம்பட்டியின் மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் இப்போது நேர்முகத்துக்கு வருபவர் தலையில் பரிச்சயமானியை மாட்டிவிடுகின்றன. முன்பே கேட்ட கேள்வி என்றால் மூளை அதை அடையாளம் கண்டுகொள்ளும், கருவியில் சிவப்பு எரியும். மூன்று சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். மனப்பாடக்காரர்களை ஒழிக்க வந்த கருவி அது. கருவி தடுக்கில் பாய்ந்தால் பயிற்சி மையங்கள் சும்மா இருக்குமா? கோலத்தில் பாய்ந்தன. தடநீக்கி வந்தது.

வில்லையை ஒட்டிக்கொண்டு நாற்பது நாள் பழக வேண்டும். நேர்முகத்துக்கு முந்தின நாள் மையத்துக்குப் போனால், வில்லை எரிந்த நேரத்து நினைவையும் அதைத் தொட்டுப் பின்னால் வந்த நினைவுகளையும் மட்டும் அழித்துவிடுவார்கள். கற்றது தங்கும், கற்ற கதை போய்விடும். சைக்கிள் ஓட்ட வரும். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தது யார் என்பதுதான் நினைவிருக்காது.

"வேலையில ஒன்பது வருஷம் இடைவெளி விட்டிருக்கீங்களே, ஏனுங்க?" என்று கேட்டான் தரணி.

குழந்தை வளர்ப்பு என்று அவள் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு நாளும் அப்படித்தான் சொன்னாள். இன்று வாய் வேறு வழியில் போய்விட்டது.

"பாப்பாவுக்கு ஒரு வயசிருக்கறப்ப பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிட்டாங்க. போன எடுத்தது என் வீட்டுக்காரருங்க. 'அவளுக்கு இஷ்டமில்லீங்க'ன்னு சொல்லி வெச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எனக்குத் தெரியறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

அது தெரிந்த நாளிலிருந்து ஆறு வருடமாக அந்த வீட்டில் பேச்சு என்றால் பால், தண்ணீர் லாரி, பள்ளிக்கூடம் என்ற அளவோடு சரி. சண்டைகூட இல்லை. இந்தப் பயிற்சிக்குக்கூட வேறு ஆள் கிடைக்காமல்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள்.

தரணி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். "நீ என்னய விட முன்னால போயிருவேன்னு பயந்தேன் மேகலா. அவ்வளவுதான். வேற காரணமே இல்ல," என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பத்தொரு வயது ஆண் அழுவது பார்க்கச் சகிக்காது. ஆனால் ஆறு வருடமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

அவள் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "போதும், எந்திரிங்க. ரவை தீயுது."

தீய்ந்த உப்புமாவைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அப்புறம்தான் தரணி அவள் காதைப் பார்த்தான். வில்லை இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலையை மட்டும் அழிக்காமல் விட முடியுமா என்று இருவரும் மையத்தில் கேட்டார்கள். நாற்பது நாளும் ஒரே சரடு, நடுவில் ஒரு முத்தை மட்டும் விட்டுவைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"நான் அந்த வேலைக்கே போகலீங்க," என்றாள் மேகலா.

"ஒருக்கா உன் வேலையக் கெடுத்தவன் நான். ரெண்டாந்தடவையும் கெடுக்கச் சொல்றயா?"

"அப்ப எனக்கு நானே ஒரு சீட்டு எழுதி வெக்கட்டா?"

"நான்தான் எழுத வெச்சேன்னு நெனைப்ப."

"நெனைப்பேன்," என்று ஒத்துக்கொண்டாள். "மறுபடியும் மன்னிப்புக் கேளுங்க. கேப்பீங்களா?" என்றாள்.

"கேக்கறேன்."

நாற்பதாம் நாள் பயிற்சி முடிந்து, மறுநாள் மையத்தில் அரைமணி நேர வேலை. போகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவள், திரும்பும்போது காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பால் வாங்கணும்," என்றாள். வீடு வரைக்கும் அதுதான் பேச்சு.

மறுநாள் நேர்முகத்தில் ஒரு சிவப்புகூட விழவில்லை. சாயங்காலம் வந்து, "வேலை கெடச்சிருச்சுங்க," என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

தரணி தயாராக இருந்தான். குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான். தரையில் உட்கார்ந்து தொடங்கினான். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் மேகலா. நீ என்னய விட முன்னால போயிருவேன்னு பயந்தேன். அவ்வளவுதான். வேற காரணமே..."

மேகலா கண்ணைச் சுருக்கினாள். அழித்த நாற்பது நாளில், பழகிய பதிலை இனங்காணும் பழக்கம் மட்டும் காதில் தங்கியிருந்தது. "இது மனப்பாடம் பண்ணுனதுங்க."

தரணி வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னான். இருபத்து மூன்றாம் நாள், ரவை, பச்சையாகவே எரிந்த வில்லை, மறுபடியும் கேட்கிறேன் என்று கொடுத்த வாக்கு.

அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?"

நாக்கு நுனியில் இருந்தது. சொல்லிவிட்டால் ஆறு வருடப் பிணக்கு அந்த நொடியே முடிந்துபோகும்.

"சொல்ல மாட்டேன். சொன்னா உன் பதில் பழகுன பதிலாயிரும். நீயா யோசிச்சுச் சொல்லு. எதுவா இருந்தாலும் சரி."

"ஆறு வருஷமுங்க," என்றாள் மேகலா. குரல் உடைந்தது. எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரங்கள் கோபமாக உருண்டன. அப்புறம் சத்தமே இல்லை. தரணி தரையைவிட்டு எழவில்லை.

வெகுநேரம் கழித்து வந்தாள். கையில் இரண்டு டம்ளர்.

"போதும், எந்திரிங்க. காப்பி ஆறுது."

மேகலாவுக்கு அது அப்போதுதான் யோசித்துச் சொன்ன புத்தம்புதுப் பதில். பரிச்சயமானி மட்டும் அந்நேரம் தரணியின் தலையில் இருந்திருந்தால், வீடே சிவந்திருக்கும்.