மூணு குழி

டைல்ஸ் தரையில், வடக்குச் சுவரை ஒட்டி, விரல் கனத்துக்கு ஒரு மண்கோடு கிடந்தது. தாராவியில் அப்படி மண் கிடையாது. சிமெண்டும் சாக்கடையும் தோல் வெட்டிய துணுக்குகளும்தான். இது கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. ஷைஸ்தா கூட்டி அள்ளியபோது, அத்தாவின் பட்டறைப் பசை நெடியையும் மீறி, மழை விழுந்த வயலின் வாடை முறத்திலிருந்து எழுந்தது.

நோட்டை எடுத்து எழுதினாள்: செவ்வாய், காலை ஆறே முக்கால், ஒரு முறம். பிறகு அதை அடித்து, 'முக்கால் முறம் இருக்கலாம்' என்று திருத்தினாள். எதையும் உறுதியாக எழுத இப்போது பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் ஒரு கடிதம். பரமக்குடிப் பக்கத்து ஊரில் அத்தா நஜிமுதீனுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அடுத்த நிலம் காசிராஜனுடையது. நடுவரப்பு யாருடையது என்று இருவருக்கும் பத்து வருடச் சண்டை. அத்தா தன் நிலத்தைச் சோலார் தகடு பதிக்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விடப்போவது தெரிந்ததும் காசிராஜன் எழுதியிருந்தார்: "வடக்கோரம் மூணு குழியத் தொடாதீங்க. அத எங்களுக்கு விட்டுருங்க." அடியில் அவளுக்கும் ஒரு வரி: "தாயி, நீ படிச்ச புள்ள. அத்தாவுக்கு வெளங்கச் சொல்லு."

அத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஷைஸ்தாவுக்குத் தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் வரும்.

"அத்தா, வடக்கால மூணு கட்டா தோண்டி வச்சிருக்காராம்," என்றாள். குழி என்றால் இந்தியில் கட்டாதானே. பாந்த்ரா ரோடு முழுக்க இருப்பதுதானே. "அதத் தொடக்கூடாதாம்."

"நம்ம நெலத்துல கட்டா தோண்டிட்டு எனக்கே சட்டம் சொல்றானா? வரப்பத் தின்னது பத்தலயாமா அவனுக்கு? மிஷின்காரன்ட்ட சொல்லு பேட்டா. மூடி நெரவிரட்டும்."

அவள் போனில் சொன்னாள். நிரவினார்கள். நிரவியபோது மண்ணோடு ஒரு சேலைத் துணி சுருண்டு வந்தது என்று மிஷின்காரர் பிறகு சொன்னார். போன மழைக்காலத்தில் இறந்த மனைவி விஜயராணியைக் காசிராஜன் அங்கேதான் புதைத்திருந்தார். பதினைந்தாம் நாள், நிரவிய இடத்தில் குப்புறப் படுத்தபடி அவரும் இறந்துகிடந்தார். வாய் நிறைய மண்ணாம்.

அதற்கு மறுநாள்தான் மண்கோடு வந்தது. அன்றே அத்தாவும் அம்மாவும் காய்ச்சலில் படுத்தார்கள். அவள் கூட்டக் கூட்ட, கோடு ஒவ்வொரு நாளும் ஒரு சாண் உள்ளே தள்ளி விழுந்தது. டாக்டர் மாத்திரை மாற்றினார். இருவரின் பாதங்களும் சில்லிட்டுக்கொண்டே போயின.

வெள்ளிக்கிழமை மாட்டுங்காவில் மாலைத் தமிழ் வகுப்பு. நிலப் பத்திரங்களையாவது ஒழுங்காகப் படிக்கலாம் என்று, கடிதம் வந்த பிறகு சேர்ந்தது. மாரீஸ்வரி டீச்சர் போர்டில் பழைய அளவுகளை எழுதினார். நான்காவது சொல்லை ஷைஸ்தா இரண்டு முறை எழுத்துக் கூட்டினாள்.

"குழின்னா பள்ளம் மட்டுமில்ல, நெலத்துக்கு அளவு," என்றார் டீச்சர். "எங்க பக்கம் பன்னெண்டடிக்குப் பன்னெண்டடி. நம்ம தாராவியில ஒத்த ரூமு கோலி ஒண்ணு இருக்குல்ல, அதான் ஒரு குழி. நாமெல்லாம் குழியிலதான் குடியிருக்கோம்."

வகுப்பு சிரித்தது. ஷைஸ்தா நோட்டை மூடினாள்.

கடிதத்தில் 'தோண்டி' என்ற சொல்லே இல்லை. அதைச் சேர்த்தது அவள்.

மழையில் ரயில்வே பாலத்தைக் கடந்து நடந்தாள். இன்றைக்கு அத்தாவிடம் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போய் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தால் காய்ச்சல் இறங்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது சரியா என்றும் சந்தேகமாக இருந்தது. சந்துக்குள் திரும்பியதும் அந்த வாடை. பசை நெடி இல்லை. தோல் நெடி இல்லை. மண் மட்டும்.

கதவைத் திறந்தாள். இருட்டு. அத்தா மூச்சுவிடுவது கேட்டது, ஈரத்துணியை இழுப்பதுபோல.

"அத்தா."

கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த லெட்டர்ல இருந்தது கட்டா இல்ல அத்தா. நெலத்தோட அளவு. அவர் அந்த எடத்த விடச் சொல்லித்தான் கேட்டாரு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

மூச்சு நின்றது. வெளியே தகரத்தில் மழை. உள்ளே எங்கோ, மண்ணில் மண்வெட்டி இறங்கும் சத்தம். ஒருமுறை. இன்னொரு முறை.

"தெரியும் தாயி," என்றது அத்தாவின் குரல்.

அத்தா அவளை ஒருநாளும் தாயி என்று கூப்பிட்டதில்லை.

சுவரைத் தடவினாள். கையில் ஈரம். சுவிட்ச். டியூப் லைட் இரண்டு முறை கண் சிமிட்டியது.

"நீ சொன்னதுதான் தாயி சரி. தோண்டியாச்சு."

வெளிச்சம் வந்தது.

டைல்ஸ் இல்லை. சுவருக்குச் சுவர் கறுப்பு மண். வடக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு; அதில் புல்.

அம்மா கிடந்த இடத்தில் ஒரு குழி. அத்தா கிடந்த இடத்தில் ஒரு குழி. இரண்டிலும் கழுத்துவரை மண் நிறைந்திருந்தது. இரண்டு முகங்களும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

நடுவில் மூன்றாவது. காலி. ஓரங்கள் புதிதாக, நேராக, அளந்து வெட்டியவை. தலைமாட்டில் அவளுடைய தலையணை, சலவை உறை மாற்றி, தட்டிச் சீராக வைக்கப்பட்டிருந்தது.