நம்புமுகம்

"நீல்ஸ்?" என்றார் கிழவர், கூரைக்கடியில் இருந்த மச்சின் சன்னல் வழியாக.

வெள்ளம் கூரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. படகின் முனையில் நின்ற சஃதியா பதில் சொல்லவில்லை. முதல் சில நொடிகள் பேசக் கூடாது என்பது பயிற்சியில் கற்றுக்கொடுத்தது. எதிரில் இருப்பவர் பார்த்து முடிக்க வேண்டும்.

கிழவர் பார்த்தார். காலையிலிருந்து தன்னார்வலர்களின் படகுகளையெல்லாம் துடைப்பக்கட்டையை ஓங்கி விரட்டிக்கொண்டிருந்தவர் அவர். இப்போது அந்தக் கட்டை அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"தெரியும், இது அந்தக் கண்ணாடியோட வேலை," என்றார். "என் மகன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. இருந்தாலும்... மெதுவா தூக்கு. இடது கால்ல அடி."

சஃதியா அவரை அணைத்துத் தூக்கிப் படகில் கிடத்தினாள். அவர் அவளுடைய கழுத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

பின்னால் சுக்கான் பிடித்திருந்த சக வீரன் பாவெலின் குரல் கவசத்து வானொலி வழியே காதுக்குள் கேட்டது. "இன்னைக்கு நீ யாரு?"

"மகன் போல இருக்கு."

"போன வாரம் பிஷப்பா இருந்தியே. பதவி இறங்கிடுச்சு."

வடகூட்டமைப்பின் ராணுவத்தில் எல்லாருடைய தலைக்கவசத்திலும் நம்புமுகம் பொருத்தியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது முகத்தை மூடும் ஒரு வளைந்த கண்ணாடி. அதன் கீழ்விளிம்பில் கடுகளவு ஒரு கண்ணறிச் சில்லு. எதிரில் நிற்பவரின் கண்மணி எப்போது விரிகிறது, எப்போது சுருங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, அவர் மிகவும் நம்பும் முகத்தை அந்தச் சில்லு கண்ணாடியில் செதுக்கிவிடும். பத்துப் பேர் பார்த்தால் பத்து முகம். வீரர்களின் குரலையும் அது மாற்றிவிடும். முகத்தை வெளியே காட்டினால் வேலை போய்விடும்.

இது வந்ததற்குக் காரணம் ஒரு கருத்துக்கணிப்பு. நம் ராணுவத்தில் முஸ்லிம்கள் இருப்பது உங்களுக்கு நிம்மதியா என்று கேட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் இல்லை என்றார்கள். மிச்சப் பேரில் பலர் பேச்சை மாற்றினார்கள். வெள்ளமும் காட்டுத்தீயும் ஆண்டுதோறும் வரும் நாட்டில், காப்பாற்ற வருகிறவரைப் பார்த்து மக்கள் கதவைச் சாத்தினால் என்ன செய்வது? மக்களின் மனத்தை மாற்ற நாளாகும். முகத்தை மாற்றுவது எளிது.

சில ஆண்டுகள் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டபோது ஒருவருக்கும் கவலை இல்லை. "அவங்கதான் இப்போ ராணுவத்துல யாரும் இல்லையே," என்று நிறையப் பேர் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரும் கிட்டத்தட்ட கண்ணாடியில் தெரிகிறவரைப் போலத்தான் இருப்பார் என்று அவரவர் முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

சஃதியா முதலில் சந்தோஷப்பட்டவர்களில் ஒருத்தி. அதற்கு முன்பெல்லாம் அவள் கவசத்தைக் கழற்றினால், உள்ளே தலையைச் சுற்றியிருக்கும் கறுப்புத் துணியைக் கண்டதும் தாய்மார்கள் குழந்தைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். மென்மையாகத்தான் இழுப்பார்கள். அந்த மென்மைதான் அவளுக்கு வலித்தது. இப்போது யாரும் இழுப்பதில்லை. ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள்.

கிழவரின் பெயர் ஆஸ்கர். பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் அமைத்த முகாமில் அவருக்குக் கட்டில் கிடைத்தது. காலில் கட்டு மாற்ற சஃதியா தினமும் போனாள். நம்புமுகம் எல்லா வீரர்களையும் அவருக்கு நீல்ஸாகத்தான் காட்டியது. ஆனால் கட்டுப் போடும்போது அவர் முகம் சுளிப்பதற்கு முன்பே நிறுத்திவிடும் கை ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தக் கை வரும் நேரத்துக்குத் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"நீல்ஸுக்கு நீச்சல் வராது," என்பார். "கடலோரத்துல பொறந்துட்டு. ஊரே சிரிக்கும். பைக்க மட்டும் பறக்கவிடுவான். அதுலதான் போனான்."

அவள் கேட்டுக்கொண்டே துணியைச் சுற்றுவாள்.

ஒரு நாள் தொலைத்திரையில் முஸ்லிம்களை ராணுவத்தில் சேர்ப்பது பற்றி ஏதோ விவாதம் ஓடியது. ஆஸ்கர் கையை வீசினார். "தப்பா எடுத்துக்காதே. அவங்கள்ல நல்லவங்க இருக்கலாம். ஆனா சண்டைன்னு வந்தா எந்தப் பக்கம் திரும்புவாங்கன்னு யாருக்குத் தெரியும்? உன்ன மாதிரி ஒருத்தன் வந்ததுனாலதான் நான் அந்தச் சன்னல விட்டு இறங்கினேன்."

பக்கத்துக் கட்டிலருகே நின்ற பாவெல், "உன்னத்தான் சொல்றாரு, 'உன்ன மாதிரி'ன்னு," என்று காதுக்குள் சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "சாரி," என்றான்.

சஃதியா முடிச்சை இறுக்கினாள். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. அவர் வைத்திருந்த பாசம் முழுவதும் அவளுடைய கையின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது, ஆனால் விலாசம் வேறு யாருடையதோ. ஒரே ஒரு முறை, ஒரே ஒருவருக்கு, நான்தான் என்று சொல்ல வேண்டும். அதற்காக வேலையை விட முடியுமா? சொன்ன பிறகு இந்தக் காலை அவர் இழுத்துக்கொண்டால்?

அன்று மாலை உம்மா அழைத்தார். காயல்பட்டினத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் குளிருக்கு வந்தவர் சுலைஹா உம்மா. இன்னும் சன்னலைத் திறந்தாலே போர்வையைத் தேடுவார்.

"நன்றி விழாவுக்கு எங்களையும் கூப்பிட்டிருக்காங்க புள்ள. வர்றேன். உன் மொகத்தப் பாத்து எத்தன நாளாச்சு."

"முகம் தெரியாது உம்மா. கண்ணாடி போட்டிருப்போம்."

"பெத்தவளுக்குத் தெரியாதா? போடி."

வீரர்களின் குடும்பங்களையும் அழைக்கலாம் என்பது மேயரின் நல்ல எண்ணம். அதில் என்ன சிக்கல் என்று ராணுவத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. அதுவரை முகாம் வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் வீரர்கள் வீட்டுக்குப் போவார்கள். பெற்றவர்கள் யாரும் நம்புமுகத்தைப் பார்த்ததே இல்லை.

விழா காலையில் மைதானம் உறைந்து கிடந்தது. பேசுகிறவர் வாயிலெல்லாம் புகை. வீரர்கள் வரிசையில் நின்றார்கள். குடும்பங்கள் உள்ளே வந்தன. வந்த வேகத்தில் நின்றன. ஒவ்வொரு தாய்க்கும் வரிசை முழுக்கத் தன் பிள்ளை.

"அல்லாஹ்வே," என்றார் சுலைஹா உம்மா. "எல்லாம் என் மவளால்ல நிக்கிறா!"

வேலியோரம் ஊன்றுகோலுடன் நின்ற ஆஸ்கரும் அதே தவிப்பில்தான் இருந்தார். வரிசை முழுக்க நீல்ஸ். "என்னைத் தூக்கினவனுக்கு ஒரு நன்றி சொல்லலாம்னு வந்தேன்," என்றார், பக்கத்தில் நின்ற முக்காடு போட்ட அம்மாவிடம். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது அவருக்கு. "எவன்னு தெரியல. உங்களுக்கு உங்க பிள்ளை தெரியுதா?"

"தெரியலையே ஐயா. அதான் எல்லாத்துக்கும் ஓதி ஊதிடலாம்னு பாக்குறேன். என் புள்ள இதுக்குள்ளதானே இருக்கும்."

"ஊதினா?"

"ஆபத்து அண்டாது."

ஆஸ்கர் கொஞ்சம் யோசித்தார். "நானும் வரலாமா?"

வரிசையின் நடுவிலிருந்து சஃதியா பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா முதல் ஆளின் முன் நின்று, உதட்டுக்குள் ஓதி, தலையிலிருந்து நெஞ்சுவரை மெல்ல ஊதினார். சூடான மூச்சு கண்ணறிச் சில்லின் மேல் படிந்து ஆவியாக மூடியது. சில்லு மறைந்தால் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிடும், குரலும் மாறாது. உள்ளே காது சிவந்து, மூக்கில் தேமலுடன் ஒரு செம்பட்டைத் தலைப் பையன் திருதிருவென்று விழித்தான்.

"யா அல்லாஹ், இது யார் வீட்டுப் புள்ள!" என்றார் உம்மா. பையன் அவசரமாகச் சில்லைத் துடைத்தான். "இருக்கட்டும் வாப்பா. ஒன்னையும் ஒரு உம்மாதானே பெத்தா," என்று அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

காதுக்குள் தளபதி கத்தினார். "ஆவி பட்டதும் துடையுங்கள். யார் முகமாவது தெரிந்தால் இன்றோடு சரி."

ஒவ்வொருவராகத் துடைத்தார்கள். பாவெல் கொஞ்சம் நிதானமாகத் துடைத்தான். ஆஸ்கர் ஒவ்வொரு முகத்தையும் எட்டிப் பார்த்தபடி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் இருவரும் சஃதியாவின் முன் நின்றார்கள்.

உம்மாவின் மூச்சு கண்ணாடியில் பட்டது. சில்லு மூடியது.

உம்மா கண்ணாடியில் அதுவரை பார்த்துக்கொண்டிருந்தது தன் மனத்தில் வைத்திருந்த மகளை. கன்னம் கொழுத்த மகளை. இப்போது தெரிந்தவளின் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன புள்ள இப்படி இளைச்சுட்ட?" என்றார்.

"துடை!" என்றார் தளபதி.

சஃதியாவின் கை தொடையோரம் ஒட்டியபடி இருந்தது. ஆஸ்கர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாநிற முகத்தை, நெற்றியோரத்துக் கறுப்புத் துணியை.

"கால்ல ஈரம் படாம வெச்சிருக்கீங்களா, ஆஸ்கர்?" என்று கேட்டாள், தன் சொந்தக் குரலில். "அந்த முட்டிக்குப் பின்னாலதான் இன்னும் ஆறாம இருந்துச்சு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைக்கப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள்.

ஆவி ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. சில்லு கண் விழித்தது. நீல்ஸ் மறுபடி வந்து நின்றான், அதே சிரிப்போடு, சாகாத வயதில். ஆஸ்கர் அவனை வெகுநேரம் பார்த்தார், ரயிலில் ஏறிவிட்ட ஒருவரைப் பார்ப்பது போல.

பிறகு சுலைஹா உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா," என்றார், "இன்னொரு தடவை ஊதுறீங்களா?"