தெற்குச் சுவருக்கு அப்பால்

எட்டேமுக்காலுக்குத் தெற்கு வானில் அகத்தியர் நட்சத்திரம் அணைந்தது. மேகம் இல்லை. பிப்ரவரி வானம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மொட்டைமாடியில் பிரம்மநாயகம், சோர் பஜாரில் வாங்கிய பழைய கப்பல் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, சட்டை நுனியால் வில்லையைத் துடைத்தார். கொடியில் எவளோ காயப்போட்ட சேலை மறைக்கிறது என்று முடிவு கட்டினார். இந்தக் கட்டடத்து ஜனங்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

வடாலாவின் அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவரைத் தவிர ஒருவரும் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்தவர் இல்லை. பார்க்கிறவனைக் கெடுக்க மட்டும் தெரியும். சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன பெண்கள், தெற்குச் சுவருக்கு அப்பால் யாரோ நிற்கிறார்கள் என்றார்களாம். சுவருக்கு அப்பால் நாற்பதடிக்குக் கீழே முற்றம். அதற்கப்புறம் சதுப்பும் உப்பளமும். அந்தரத்தில் யார் நிற்பார் என்று கேட்க ஒருத்தருக்கும் மூளை இல்லை. கட்டடச் செயலாளர் நஜிமுதீன் பெரிய மனுஷத்தனமாய் மெர்க்குரி விளக்கு ஒன்றை மாட்டிவிட்டார். அது எரிந்தால் விடியும்வரை வானம் சுண்ணாம்பு அடித்த சுவர்தான்.

பிரம்மநாயகம் தினமும் எட்டு மணிக்கு மேலே போய், வடக்குக் கோடியில் தண்ணீர்த்தொட்டியை ஒட்டிய பெட்டியில் பியூஸைப் பிடுங்கிவிடுவார்.

அவர் மனைவி சண்முகவடிவு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "விளக்க அணைக்காதீங்க. அங்க ஆளப் பாத்தேன்னு சொன்ன கோமதியம்மா பொய் சொல்லுத ஆளு இல்ல."

"கோமதியம்மாளுக்கு நட்சத்திரத்துக்கும் ஏரோப்ளேனுக்கும் வித்தியாசம் தெரியுமாட்டி? நீயும் அந்தக் கூட்டத்துல சேந்துட்டியா?"

அதிலிருந்து அவரைத் தனியே விட மனமில்லாமல், ஒன்பது மணிக்குச் சாப்பிடக் கூப்பிடுகிற சாக்கில் தானே படியேறி வருவாள்.

இன்று நிமிர்ந்து பார்த்தால் கொடியில் சேலை இல்லை. கொடியே இல்லை, யாரோ அவிழ்த்துச் சுருட்டியிருந்தார்கள். சதுப்பிலிருந்து அழுகிய தழையும் உப்பும் கலந்த வாடை ஏறிவந்தது. தூரத்தில் ஹார்பர் லைன் ரயில் தடதடத்து ஓய்ந்தபோது, அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகளும் கூடவே ஓய்ந்துவிட்டன என்பது தாமதமாகத்தான் அவருக்கு உறைத்தது. அணைந்தது ஒரு நட்சத்திரம் அல்ல. அதைச் சுற்றியிருந்தவையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கறுப்பு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. மேலே ஒரு உருண்டை. கீழே சரிந்த தோள்கள்.

மூன்று நாளாக அந்தக் கறுப்பு, தொலைவில் உப்பளத்தின் மேல் சிறிதாகக் கிடந்தது. ஆலைப்புகை என்று வைதிருந்தார்.

இன்று சுவரருகே.

தொட்டிப்பக்கம் ஓடினார். பியூஸ் இரண்டு தடவை நழுவியது. மாட்டினார். மெர்க்குரி விளக்கு உடனே வராது. குழாய்க்குள் ஊதா நிறத்தில் ஒரு புழு நெளிந்தது. வெளிச்சமாக ஐந்து நிமிஷம் பிடிக்கும்.

படிக்கட்டில் மெட்டிச் சத்தம்.

படிவாசல் தெற்குப் பக்கம். வடிவு வெளியே வந்தாள். இவர் நிற்கும் திசைக்குத் திரும்பவே இல்லை.

"என்னங்க இது, சுவத்து மேல ஏறி நிக்கியளே," என்றாள், அந்தக் கறுப்பைப் பார்த்து. குரலில் கோபமில்லை. "கையக் குடுங்க. நான் பிடிச்சிக்கிடுதேன்."

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஊதா வெளுத்தது. நீலமானது. பளீரென்று வெள்ளையானது. மொட்டைமாடி காலி. சுவரில் கவிழ்ந்து கீழே பார்த்தார். முற்றத்தில் நஜிமுதீனின் ஸ்கூட்டர். சுருண்டு தூங்கும் நாய். வேறொன்றும் இல்லை. அலறல் கேட்கவில்லை. எதுவும் விழவில்லை. மேலே வெறும் வெள்ளை வானம்.

பியூஸைத் திரும்பப் பிடுங்கினார்.

கண் பழகச் சற்று நேரமாயிற்று. ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள் வந்தன. அகத்தியரும் வந்தது. அதற்குக் கீழே, சுவருக்கு அப்பால், அந்தரத்தில், நட்சத்திரமில்லாத இரண்டு இடங்கள். ஒன்று நெடியது. மற்றது அதன் தோளுயரம். குட்டையானதன் தலைக்குப் பின்னால் கொண்டை தெரிந்தது.

பிறகு கொண்டை மெல்ல மறைந்தது. முகம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.