கண்ணாடி ஏற்றிய கார்

"அந்தக் காப்பிய அங்கிட்டே வச்சிட்டுப் போ. ஒங்கையால எனக்கு எதுவும் வேணாம்!"

பிரகதாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீட்டிய டம்ளரோடு திலகவதி அப்படியே நின்றாள். மாமியாருக்குக் காப்பி கொடுத்துவிட்டுத்தான் அவள் தன் வாயில் தண்ணீரே ஊற்றுவாள். கல்யாணமாகி இந்த இலுப்பூர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாறாத வழக்கம் அது.

"நான் என்ன தப்புப் பண்ணுனேன் அத்தே...?"

"என்னையக் கேக்குறியா? அந்தா ஒம் புருசன் இருக்கான், அவங்கிட்டச் சொல்லு. நேத்து மத்தியானம் எங்க போயிருந்த?"

கூடத்தில் ரகுநாத் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தான். உரக்கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. அவன் அசையவில்லை.

"கோயிலுக்குப் போனேங்க... நார்த்தாமலைக்கு."

"கோயிலுக்குப் போனவ எதுக்குக் காருக்குள்ள இருந்து எறங்குன?"

திலகவதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுச் செவந்தி செய்த வேலை இது. அக்கா மகளைப் பார்க்க நேற்று நார்த்தாமலைக்குப் போனவள், மலையடியில் ஒரு வெள்ளைக் காரைப் பார்த்திருக்கிறாள். உச்சி வெயிலில் நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்ததாம். கொஞ்ச நேரத்தில் பின்கதவைத் திறந்துகொண்டு திலகவதி இறங்கினாளாம், தலை கலைந்து, ரவிக்கை வியர்வையில் நனைந்து! முன்பக்கமிருந்து ஓர் ஆண்பிள்ளை இறங்கித் தண்ணீர் பாட்டிலை நீட்டினானாம். அதற்குப் பிறகு செவந்திக்கு அக்கா மகள் வீடே மறந்துவிட்டது. அடுத்த பஸ்ஸிலேயே இலுப்பூருக்குத் திரும்பிவிட்டாள்.

"யாரு அவன்?" ரகுநாத்தின் குரல் தாழ்ந்திருந்தது. அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"தப்பா எதுவும் இல்லங்க... சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன். என்னைய நம்புங்க!"

"யாருக்குச் சத்தியம்? அவனுக்கா?"

அந்த நேரம் பார்த்தா அலமாரி மேலிருந்த அவளுடைய செல்போன் அடிக்க வேண்டும்! ரகுநாத் எட்டி எடுத்து, எதுவும் பேசாமல் ஸ்பீக்கரைப் போட்டான்.

"அக்கா, நான் பிராங்க்ளின். கடைசி எடம் மட்டும் இன்னொரு தடவ வேணுமாம். இன்னைக்குப் பத்து மணிக்கு அதே எடத்துக்கு வந்துருங்க. கண்ணாடிய ஏத்திக்கிட்டா வெரசா முடிச்சிரலாம், யாருக்கும் தெரியாது."

ரகுநாத் போனைத் தரையில் எறியவில்லை. மெதுவாக மேஜை மேல் வைத்தான்.

"அக்கான்னு கூப்புட்டாச் சந்தேகம் வராதுன்னு நெனப்பு போல. இன்னைக்கு நீ இந்த வாசப்படியத் தாண்டுன... திரும்ப உள்ள வராத."

"அதுவும் இன்னைக்குப் பாத்து!" என்று பிரகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் மக பாட்டு வர்ற நாளு... சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் வரப்போறாங்க. இந்தக் கேடுகெட்டவளால எம் மானம் போகுது!"

அவள் மகள் காவ்யா, ரகுநாத்தின் தங்கை. டிவி போட்டியில் பாடிப் பெயர் வாங்கிச் சென்னைக்குப் போனவள். போன வருஷம் அவள் பாடிய முதல் சினிமாப் பாட்டு இலுப்பூர் டீக்கடைகளில் ஓயாமல் ஒலித்தது. இரண்டாவது பாட்டு ஒரு பெரிய படத்தில். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியாகிறது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, லட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்தப் பாட்டைப் பாடியது காவ்யா இல்லை என்பது இந்த உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி, ஆறிப்போன காப்பியோடு நின்றுகொண்டிருந்த திலகவதி.

பொன்னமராவதியில் பிறந்த திலகவதியும் ஒரு காலத்தில் சென்னையில் பாடியவள்தான். ஆனால் அவள் பெயர் எந்தப் படத்திலும் வந்ததில்லை. டிராக் பாடகி. பெரிய பாடகி வருவதற்கு முன்னால் மெட்டையும் வரிகளையும் பாடிப் பதிந்து வைக்க வேண்டும். பெரியவர் வந்து அதைக் கேட்டுப் பாடுவார். அவர் பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். அப்படி எத்தனையோ பாட்டு. வீட்டில் வரன் பார்த்தபோது, "சினிமாப் பாட்டையெல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு வாரதுன்னா வரட்டும்" என்றாள் பிரகதாம்பாள். திலகவதி மூட்டை கட்டினாள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வரி முணுமுணுத்தது கிடையாது. கட்டிய கணவன்கூட அவள் பாடிக் கேட்டதில்லை. பிறகு அதே பிரகதாம்பாள் தன் மகளைச் சினிமாவில் பாட அனுப்பினாள். நியாயம் வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும் போலிருக்கிறது!

போன மாதம் காவ்யா போனில் அழுதாள். குரலே அடையாளம் தெரியவில்லை. "அண்ணி... தொண்டைல ரத்தம் கட்டிருக்காம். ஆறு மாசம் பாடவே கூடாதுங்குறாரு டாக்டரு. இது தெரிஞ்சா வேற ஆள வச்சுருவாங்க. என்னையத் தூக்கி வளத்தது நீங்க... ஒரே ஒரு பாட்டு எனக்காகப் பாடிக் குடுங்க அண்ணி! அண்ணனுக்கு, ஆத்தாவுக்கு, யாருக்கும் தெரியக் கூடாது!" இருவர் குரலுக்கும் ஒரே வாகு. டிராக் பாடகிக்கு அடுத்தவர் சாயலில் பாடுவது கைவந்த வேலை. இந்தக் காலத்தில் பாடகர்கள் இருந்த இடத்திலேயே பாடி அனுப்பிவிடுகிறார்கள். காவ்யாவும் ஒரு ஸ்டுடியோவில் பாடி அனுப்புவதாக இசையமைப்பாளரிடம் சொல்லிவைத்தாள்.

மைக்செட் வாடகைக்கு விடும் பிராங்க்ளினுக்கு ஒலிப்பதிவும் தெரியும். ஆனால் அவன் அறைக்குப் பக்கத்திலேயே ரைஸ்மில். அதனால்தான் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குள் வெளிச்சத்தம் அவ்வளவாக வராது, எதிரொலியும் இருக்காது. ஏசி போட்டால் அந்தச் சத்தம் மைக்கில் விழும். ஆகவே வெயிலில் வெந்துகொண்டுதான் பாட வேண்டும். செவந்தி பார்த்த வியர்வை அதுதான். அந்தக் காருக்குள் பிராங்க்ளினின் மனைவி ஷர்லியும் பாட்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைச் செவந்தி பார்க்கவில்லையோ, பார்த்தும் சொல்லவில்லையோ!

திலகவதி டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் போயித்தான் ஆகணுங்க," என்றாள். வாசற்படியைத் தாண்டினாள்.

ரகுநாத் பைக்கை எடுத்துக்கொண்டு அவள் ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே போனான். மலையடியில் வெள்ளைக் கார் நின்றது. அவள் பின்கதவைத் திறந்து ஏறினாள். கண்ணாடிகள் ஏறின. பைக்கைப் புளியமரத்தடியில் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் நடந்து போய், பின்கண்ணாடி ஓரமாகக் காதை வைத்தான்.

உள்ளே யாரோ பாடினார்கள்.

மூடிய கண்ணாடி வழியே குரல் மட்டும் வந்தது, வார்த்தை தெரியவில்லை. அந்தக் குரல் மேலே மேலே ஏறி ஓர் இடத்தில் நின்றபோது, பாறை மேலிருந்து ஒரு மயில் அகவியது. அந்தக் குரல் திடுக்கிட்டு நிற்கவில்லை. மயில் முடித்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே போய், நிதானமாக இறங்கி முடித்தது. ரகுநாத்துக்கு ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. மறுகணம் ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடியில் ஓங்கி அடித்தான்.

"கதவத் தெறடி!"

முன்சீட்டில் பிராங்க்ளின் மடியில் லேப்டாப்போடு விழித்தான். பக்கத்தில் ஷர்லி. பின்சீட்டில் போர்வைகளுக்கு நடுவே, மைக்குக்கு முன்னால், வியர்த்து வழிந்துகொண்டு அவன் மனைவி.

"அண்ணே, மயிலு சத்தம் விழுந்துருச்சு... இன்னும் ஒரே ஒரு தடவ..." என்று ஆரம்பித்தான் பிராங்க்ளின்.

"வாய மூடுறா!" ரகுநாத் அவளைப் பார்த்தான். "ஓ... இதுதானா? மறுபடியும் சினிமாவா? யாருக்குப் பாடுற? எந்தப் படத்துக்கு?"

"கேக்காதீங்க..."

"எங்கள விட்டுப்புட்டு மெட்ராஸுக்குக் கெளம்பப் போற, அதான? அதுக்குத்தான் இந்தத் திருட்டுத்தனமா?"

ஒரு சந்தேகம் போன இடத்தில் இன்னொரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலத்துக்குள் அந்த இடத்தைப் பாட்டில் சேர்த்தாக வேண்டும், மறுபடியும் பாடவோ வழியில்லை; அதனால் பிராங்க்ளின் மயில் விழுந்த பதிவையே சென்னைக்கு அனுப்பிவைத்தான்.

ரகுநாத் முன்னாலேயே வந்து வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் வீடு திரும்பியபோது வாசலில் அவளுடைய பை இருந்தது.

"எம் மக பேரெடுக்குறது ஒனக்குப் பொறுக்கலையாடி?" என்றாள் பிரகதாம்பாள். "அவ வாய்ப்பத் தட்டிப் பறிக்கப் பாக்குறியா? ஒன்னைய வீட்டுக்குள்ள வச்சு சோறு போட்டேனே!"

மத்தியானம் காவ்யா வந்து இறங்கினாள். பாடிப் பாடித் தொண்டை கட்டிவிட்டதாம், பேசக் கூடாதாம். பையையும் பார்த்தாள், பந்தல் ஓரத்தில் நின்ற அண்ணியையும் பார்த்தாள். திலகவதியின் கண்கள் கெஞ்சவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. காவ்யா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். காலையிலிருந்து விழுந்த அத்தனை வசவையும் தாங்கிய திலகவதிக்கு அந்த ஒரு குனிவைத் தாங்க முடியவில்லை.

"பாட்டு முடிஞ்சதும் போயிடுறேன் அத்தே," என்றாள். "அதுவரைக்கும் இங்கிட்டு ஓரமா இருந்துக்குறேன்."

அழிக்கப்படாத தன் குரலை அவள் ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். யார் பெயரில் வந்தால் என்ன!

ஆறு மணிக்கு டிவியில் பாட்டு ஓடியது. கூடம் நிறைந்திருந்தது. திரையில் காவ்யாவின் பெயர் வந்ததும் கைதட்டல். செவந்திதான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினாள். பாட்டு வளர்ந்தது. கடைசி இடத்தில் குரல் மேலே ஏறி நின்றது. தூரத்தில் ஒரு மயில் அகவியது. அந்தக் குரல் மயில் முடித்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, இன்னும் மேலே போய், நிதானமாக இறங்கியது.

"அடடா, மயில என்னமா சேத்துருக்காரு மியூசிக் டைரக்டர்!" என்றார் யாரோ ஒரு பெரியப்பா.

ரகுநாத் எழுந்து நின்றான்.

"காவ்யா... இத எங்க பாடுன?"

"சென்னைலண்ணே..." கரகரவென்று வந்தது. "ஸ்டுடியோல..."

"ஸ்டுடியோவுக்குள்ள மயிலு ஏது காவ்யா?"

காவ்யா அண்ணனைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, தன் குரல் ஓய்ந்த பிறகும் அதைக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஓடிப் போய்க் காலில் விழுந்தாள்.

"அண்ணி... என்னைய மன்னிச்சிருங்க அண்ணி! நான் பாடல... எனக்குக் கொரலே இல்ல... எல்லாம் அண்ணி பாடுனது! எனக்காகத்தான் எல்லார்கிட்டயும் பேச்சு வாங்குனாங்க... பாத்துக்கிட்டே பேசாம நின்னேனே, நான் பாவி!"

திலகவதி அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள். "பேசாதடா... தொண்டைக்கு ஆகாது... பேசாத..." என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பிரகதாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்தது. ஆனால் பழக்கம் அதற்கும் முந்திக்கொண்டது. "திலகம்... நான் கண்ணு இல்லாதவ, என்னைய மன்னிச்சிரு. இது இந்தக் கூடத்தோட போகட்டும்த்தா. ஒனக்குப் பெரிய மனசு... காவ்யா பேரு கெட்டுப் போயிரும்..."

"இல்ல அத்தே."

அந்த வீட்டில் அவள் இதுவரை சொல்லாத வார்த்தை அது.

"எங்கொரல அழிச்சப்பல்லாம் நான் அழுகல. கட்டிக் குடுத்தப்ப வாய மூடிக்கிட்டேன், அதுக்கும் அழுகல. காலைல இந்த வீட்டுல நான் யாருன்னு ஒருத்தர்கூட நெனச்சுப் பாக்கல பாருங்க... அதுக்குத்தான் அழுதேன். இனி எங்கொரலுக்கு எம்பேருதான் வேணும். தப்பா அத்தே?"

காவ்யாதான் போனை எடுத்தாள். உடைந்த குரலில் இசையமைப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. ஏமாற்றியது பெரிய தப்பு, சரியாகி வந்தாலும் உடனே வாய்ப்புத் தருவேன் என்று எதிர்பார்க்காதே என்றார். காவ்யா அழுதுகொண்டே எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றாள். கடைசியில் அவர் கேட்டார்: "மயிலோட பாடினாங்களே, அவங்க பேரு என்னம்மா?"

ரகுநாத் வாசலுக்குப் போனான். பையைக் கையில் எடுத்தான்.

"திலகம்... என்னைய..."

"ஒரு மயிலு சொன்னா நம்புறீங்க," என்றாள் அவள். "நான் சொன்னா நம்பலையேங்க..."

அவன் தலை கவிழ்ந்தது. அவள் பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே உள்ளே நடந்தாள். போகிற வழியில் மாமியார் நீட்டிய காப்பியை வாங்கினாள். ஆனால் அன்றைக்குக் கணவனிடம் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை இணையத்தில் பாட்டுக்குக் கீழே பெயர் மாறியிருந்தது. பாடியவர்: திலகவதி. காவ்யாதான் அதை முதலில் பார்த்து அண்ணியின் கையில் போனைக் கொடுத்தாள். திலகவதி அந்த ஒரு வரியை வெகுநேரம் படித்தாள்.

ஐப்பசியில் ஒருநாள், அக்கா மகளைப் பார்க்கப் போன செவந்தி, அதே மலையடியில் அதே வெள்ளைக் காரைப் பார்த்தாள். நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. வெளியே வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, ஆடுகளையும் மயில்களையும் விரட்டிக்கொண்டு நின்றான் ரகுநாத்.

"என்ன ரகுநாத்து, இங்கிட்டு ஒத்தையில நிக்கிற? காருக்குள்ள யாரு...?" என்று குரல் கொடுத்தாள் செவந்தி.

ரகுநாத் உதட்டில் விரலை வைத்தான்.

"உள்ள எம் பொண்டாட்டி பாடுறா. சத்தம் போடாம அங்கிட்டுப் போங்கக்கா."