காயாத கைநாட்டு

மை காயவில்லை.

ஞானம் வாத்தியார் தகரப் பெட்டியின் அடியிலிருந்து கருணை மனுவை எடுத்ததும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பதினெட்டு நாளாகப் பூட்டிய பெட்டிக்குள் கிடந்த தாள். சோழவந்தான் ஆவணி வெயிலில் நனைத்த வேட்டியே அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் தாளின் அடியில் சின்னான் வைத்த கைநாட்டு, கட்டைவிரலின் குறுக்கே ஓடும் வெட்டுத் தழும்போடு, இப்போதுதான் அழுத்தி எடுத்ததுபோல் மினுமினுத்தது. விரலை வேட்டியில் துடைத்தார். மை போகவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை, உச்சிப்பொழுது. மறுநாள் விடிந்தால் மதுரை ஜெயிலில் சின்னானுக்குத் தூக்கு.

சின்னான் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவன். கொடிக்கால்காரன் வீரணன் வெட்டுப்பட்டுச் செத்த அன்று சின்னான் தொலைவில் கொட்டாம்பட்டியில் இருந்தான். வாத்தியார் காய்ச்சலில் கயிற்றுக் கட்டிலை விட்டு எழவே இல்லை. இரண்டும் ஊருக்குத் தெரியும். வெட்டியது யார் என்பதும் தெரியும். ஆனால் செத்தவனின் தம்பி பேயாண்டி வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சின்னான் அருவாளோட ஓடுனதைப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வாத்தியாரய்யா. உங்க பேச்சுக்குக் கோர்ட்டுல அம்புட்டு மருவாதை. பள்ளிக்கூடம் ஓலைக் கூரை வேற. பாத்துக்கங்க."

கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள். வாத்தியார் பயந்தார். அந்தச் சமயம் பார்த்துப் பத்திரிகையில் ஒரு சேதி வந்தது. தூக்குத் தண்டனையையே ஒழிக்க வேண்டும் என்று டில்லி சட்டசபையில் ஒரு மெம்பர் மசோதா கொண்டுவருகிறாராம். அச்சில் வந்துவிட்டால் நடந்துவிட்டதாக நம்புவது படித்தவர்களுக்கே வருகிற வியாதி. இனி யாரையும் தொங்கவிட மாட்டார்கள், சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்துவிடுவான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னார். மசோதா வந்த வழியே போயிற்று. சின்னானுக்குத் தூக்கு என்று தீர்ப்பாயிற்று.

இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஊரில் அவர் ஒருவர்தான். சின்னான் பெண்டாட்டி முனியாயி அவரிடமே வந்தாள்.

"இருட்டுல ஆள் மாறிப் பாத்துட்டீக. அதைக் கவர்னருக்கு எழுதுங்கய்யா, போதும்."

பொய் என்று தெரிந்தும் அவரை மன்னித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். எழுதிக் கொடுத்தார். மதுரைக்கு நடந்தே போய்ப் புருஷனிடம் கைநாட்டு வாங்கிவந்து, தபாலில் போடச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். தன் சாட்சி தப்பென்று தானே எழுதிய காகிதம். அதை அனுப்ப அவருக்குக் கை வரவில்லை. பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

வக்கீல் குமாஸ்தாவிடம் இரவல் வாங்கிய சட்டப் புத்தகம் பக்கத்திலேயே கிடந்தது. எதற்கெல்லாம் தூக்கு என்று அதில் பலமுறை பார்த்துவிட்டார். கொலை. ராஜாவுக்கு எதிராக யுத்தம். பட்டாளத்தைக் கலகத்துக்குத் தூண்டுவது. ஆள் சாகிற கொள்ளை. அப்புறம் இன்னொன்று. பொய்ச்சாட்சியால் குற்றமற்றவன் தூக்கில் செத்தால், சொன்னவனுக்கும் தூக்கு விழலாம். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் ஜெயிலோடு போகும். நாளைக்கு என்றால் கயிறு.

நாலு மணி ரயிலைப் பிடித்து, ஜெயிலிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது என்று எழுந்தார். அப்போதுதான் வாசனை வந்தது. வெற்றிலை போடுகிறவர் யாருமில்லாத அந்த வீட்டில், இப்போது கிள்ளிய இலையின் காரமும் கொடிக்கால் சேற்றின் குளிர்ச்சியும் சேர்ந்து மூக்கில் ஏற, எங்கோ உள்ளே, ஒவ்வொரு காம்பாக நகத்தால் ஒடிக்கிற சின்னச் சத்தம் நிதானமாகக் கேட்டது. டிக். டிக்.

மனைவி பிலோமினாள் செம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "என்னங்க, செம்புல மைக் கையை வச்சது யாரு?"

செம்பில் ஒரு கட்டைவிரல் தடம். குறுக்கே தழும்பு.

கதவுத் தாழ்ப்பாளில் ஒன்று. சுவரில், ஆள் உயரத்தில், வாசலிலிருந்து உள்ளே வரிசையாக ஏழெட்டு.

பிலோமினாள் சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாம் தெரிந்தவள். "போய்ச் சொல்லிருங்க. இன்னும் வண்டி வரலை. உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்."

மனுவைப் பிரித்தார். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. தாள் முழுக்க ரேகை, ரேகையின் மேல் ரேகை. திரும்ப எழுத வேறு தாளை இழுத்தார். அதிலும் இருந்தது. அடுத்ததிலும். காகிதக் கட்டே தீர்ந்தது. ரயில் ஊதியது. நின்றது. மறுபடி ஊதிவிட்டு வைகைப் பக்கம் போய்த் தேய்ந்தது.

காகிதம் எதற்கு? வாயால் சொல்லியிருக்கலாம். கால் இருந்தது, நாக்கு இருந்தது. தைரியம்தான் இல்லை. பாவி மனுஷன் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விடியும் வரைக்கும் டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கோழி கூவியது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

சுவரில் மை காய்ந்து வெளுத்திருந்தது. கழுத்தில் மட்டும் சில்லென்று ஏதோ. ஈரம். கண்ணாடி பார்க்கவில்லை. துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

மத்தியானம் முனியாயி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுகை வற்றிப்போன முகம்.

"முடிஞ்சுபோச்சுய்யா. மனுவே வரலைன்னு சொல்றாக. நீங்க போடலையா?"

வாத்தியார் சுவரோரம் ஒதுங்கினார். துண்டு தானாக நழுவி விழுந்தது.

முனியாயி பார்த்தாள். கிட்டே வந்தாள். கழுத்தைச் சுற்றி, மாலை கோத்ததுபோல், நெருக்கமாகக் கட்டைவிரல் தடங்கள். ஒவ்வொன்றிலும் தழும்பு.

"இது அவுக வெரலு," என்றாள்.

காதுக்குக் கீழே ஒரு விரல் இடம் பாக்கி. கையில்லாமல், ஆளில்லாமல், அந்தத் தோல் மெல்லக் குழிந்தது. மை ஊறியது. வளையம் கூடியது.

முனியாயி அசையவில்லை.

வாத்தியாரின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு கால்விரல்களும்.