பனிக்கட்டிக்குக் காய்ச்சல்

ஹம்சினி அம்மாவுடன் அடையாறு ஆய்வுக்கூடத்துக்கு வந்த சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே பேய்மழை. வராந்தாவில் ஈ காக்கை இல்லை.

அம்மா நீரஜா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தார். 1998இல் அதைப் பற்றித் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கணினியும் புதிதாக வந்த வெப்பமானியும் பேசிக்கொள்ள ஒரு டிரைவர் வேண்டும். பஸ் ஓட்டுகிறவர் இல்லை, ஒரு நிரல். அதை எழுத அம்மாவுக்கு மூன்று மாதம் ஆனது.

"அஞ்சு மணிக்கு எங்க டைரக்டர் ரகுபதி சார் வர்றார். இது ஒழுங்கா ஓடலேன்னா லினக்ஸையே அழிக்கச் சொல்லிடுவார்," என்றார் அம்மா.

வெப்பமானியின் ஒயர் நுனி பனிக்கட்டிக் குவளைக்குள் இருந்தது. திரையில் பூஜ்யம் வர வேண்டும். வந்ததோ முப்பத்தேழு.

"அம்மா, இது மனுஷங்க உடம்புச் சூடாச்சே!"

ஆய்வுக்கூட உதவியாளர் கனகராஜ் இரண்டடி பின்னால் போனார். "ஐஸுக்கு ஜுரமா? இன்னா மேடம் இது? இங்க வேற யாரோ கீறாங்க!"

எண் மெல்ல இறங்கியது. முப்பத்திரண்டு. இருபத்தொன்பது. பிறகு தானாகவே ஏறியது. யாரோ எழுந்து போய், திரும்பி வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

அம்மாவின் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் ஹம்சினிக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. என் அம்மாவை அழ வைக்கிற பேய் எது?

குவளைக்குள் விரலை விட்டாள். ஜில்லென்று இருந்தது. "பதில் சொல்றது இந்த மீட்டர் இல்லம்மா. வேற யாரோ!"

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கணினியின் தடித்த கேபிள் வெப்பமானியோடு நிற்கவில்லை. அங்கிருந்து இன்னொரு கேபிள், சுவர் ஓட்டை வழியாக உள்ளறைக்குப் போனது.

"வேணாம் பாப்பா, உள்ள லைட்டுகூட எரியாது!" என்றார் கனகராஜ்.

ஹம்சினி கதவைத் தள்ளினாள். இருட்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. அணைத்தாயிற்று என்று எல்லோரும் நினைத்திருந்த பழைய வெப்பமானி! அதன் ஒயர் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இறங்கியது. பெட்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். இரண்டு பச்சைக் கண்கள் திறந்தன.

ஓடத்தான் தோன்றியது. ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

ஒயர் நுனிமேல் ஒரு பூனை. அதன் வயிற்றோடு ஒட்டி நாலு குட்டிகள். ஹம்சினி அவற்றைத் தொடாமல் மெல்லப் பின்வாங்கினாள். வெளியே வந்து, பார்த்ததை இருவரிடமும் சொன்னாள்.

"அம்மா, நீ மீட்டரை எப்படிக் கூப்பிடறே?"

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் உண்டு. ஒன்பதைக் கூப்பிடறேன்."

"புது மீட்டர் நம்பர் என்ன?"

அம்மா வெப்பமானியைத் திருப்பிப் பார்த்தார். பத்து! "ஐயோ, பழைய நம்பரையே எழுதி வச்சிருக்கேனே!"

அதைத் திருத்தியதும் திரையில் பூஜ்யம் வந்து நின்றது. அம்மா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ரகுபதி சார் திரையைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். "சரிம்மா, லினக்ஸ் இருக்கட்டும்."

"பூனையும் இருக்கட்டுமா சார்?" என்றாள் ஹம்சினி.

"எந்தப் பூனை?" என்றார் சார். கனகராஜ் அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.